சரஸ்வதி பூஜையன்று எடுத்த காகிதங்கள்

ஆனி மாதம் முதல் வெள்ளிக்கிழமை என் கணவர் கப்பலிலிருந்து வீடு திரும்பினார். தன் பெட்டியை வேறு யாரும் தொட அவர் விடமாட்டார். அன்று ஆட்டோக்காரர்தான் அதைத் தூக்கிவந்து வாசலில் வைத்தார். "என்னங்க?" என்றேன். "ஒண்ணுமில்ல, தோள்ல கொஞ்சம் பிடிப்பு" என்றார். சாப்பிட உட்கார்ந்தபோது இடது கையால் சோற்றைப் பிசைந்தார். ரசம் ஊற்ற வந்த என் மாமியார் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். வலது கை மடியில் கிடந்தது. அது அவருடைய கை மாதிரியே இல்லை.

வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக்கு வரும் சகோதரிகள் இதை எழுதச் சொல்லி வற்புறுத்தியதால் எழுதுகிறேன். என் பெயர் தமயந்தி. வீடு மயிலாப்பூரில், கோயில் குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில். அடையாறில் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை. எது எந்த நாளில் நடந்தது என்று குறித்துவைக்கும் பழக்கம் எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. அதனால் இதில் எதையும் கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை.

என் கணவர் கணேசன் ஒரு வெளிநாட்டு நிலக்கரிக் கப்பலின் இஞ்சின் அறையில் ஃபிட்டராக இருந்தார். வைகாசி விசாகத்துக்கு மறுநாள், நடுக்கடலில், கழற்றிய ஒரு பம்பைச் சங்கிலியில் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். சங்கிலி நழுவியது. பம்பு அவர் தோளில் இடித்து, கையையும் கீழே இழுத்துக்கொண்டு விழுந்தது.

அந்தக் கப்பலில் ஏறியதும் கண்ணில் படுகிற இடத்தில் ஒரு பலகை உண்டாம். விபத்து இல்லாமல் எத்தனை நாள் ஓடியிருக்கிறது என்று தினமும் காலையில் அதில் எண்ணை மாற்றுவார்கள். பெரிய எண் வந்தால் கம்பெனி விருந்து வைக்கும், கேப்டனுக்குப் பாராட்டு வரும். யாருக்காவது அடிபட்டது என்று எழுதினால் எண் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அதற்குக் காரணமானவனை, கப்பலுக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட் அடுத்த முறை கூப்பிடமாட்டார். எல்லாக் கப்பல்காரர்களுக்கும் இது தெரியும். அதனால் விரல் நசுங்கினாலும் கட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவார்கள்.

"பெரிய நம்பர் வரப்போகுது கணேசன். இப்ப கெடுக்க வேணாம். ஊருக்குப் போனதும் ஏஜென்ட் பார்த்துப்பார்" என்று சீஃப் இஞ்சினியர் சொல்லியிருக்கிறார். என் கணவரும் தலையாட்டிவிட்டார். இறங்கும்போது, சொந்த விருப்பத்தில் இறங்குவதாக எழுதிய தாளில் இடது கையால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

தி.நகரில் ஏஜென்ட் அலுவலகத்துக்குப் போனோம். காபி கொடுத்தார்கள். "சார், உங்க பேப்பர்ல விபத்துன்னு ஒரு வார்த்தைகூட இல்லையே. நீங்களா விருப்பப்பட்டுத்தானே இறங்கியிருக்கீங்க?" என்றார் அந்த மனிதர், சிரித்துக்கொண்டே. என் கணவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அந்த மனிதருக்கு ஒரு போன் வந்துவிட்டது. பேசி முடிக்கும்வரை நின்றோம். முடித்துவிட்டு அவர் எங்களைப் பார்க்கவே இல்லை.

அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். தோளிலிருந்து இறங்கும் நரம்பு பிய்ந்திருக்கிறது, கொஞ்சம் அசைவு வரும், இனி கப்பல் வேலை நினைக்காதீர்கள் என்றார் டாக்டர். அவர் அதைச் சொன்னது ஆடி அமாவாசையன்று.

வழக்குப் போடலாம் என்று இரண்டு வக்கீல்களைப் பார்த்தோம். கப்பல் முதலாளி வெளிநாட்டில் இருக்கிறார், அவர்மேல் கேஸ் போட்டு அங்கே போக முடியாது, கப்பல் நம் துறைமுகத்துக்கு வரும்போது ஹைகோர்ட்டில் ஆணை வாங்கி அதை நிறுத்திவைத்தால்தான் அவர்கள் பேச வருவார்கள் என்று இருவருமே சொன்னார்கள். ஆனால் கேட்கும் நஷ்டஈட்டுக்கு ஏற்ப கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும், வக்கீல் ஃபீஸ் தனி. "இதெல்லாம் பெரிய கம்பெனிங்க ஒருத்தர்மேல ஒருத்தர் போடுற கேஸும்மா" என்றார் ஒருவர். கேலியாகச் சொல்லவில்லை, இரக்கத்தோடுதான் சொன்னார். எனக்கு அதுதான் அதிகமாக வலித்தது.

ஆடி கடைசி வெள்ளி. கற்பகாம்பாள் சந்நிதியில் கூட்டம் நெரித்தது. என்ன கேட்பது என்றே தெரியவில்லை. கை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பணம் கேட்க வாய் வரவில்லை. "அம்மா, இவர் சொல்வதை யாராவது ஒருவர் உட்கார்ந்து முழுசாகக் கேட்கட்டும். அது போதும்" என்று வேண்டிக்கொண்டேன். பின்னால் நின்ற அம்மாள் "நகருங்க, நகருங்க" என்று இடித்தாள். நகர்ந்துவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை, தன் மகள் தொலைத்த புத்தகத்துக்குப் பதில் புத்தகம் கொடுக்க ஓர் அம்மா எங்கள் நூலகத்துக்கு வந்தார். பெயர் நசீமா. என் முகத்தைப் பார்த்து "உடம்பு சரியில்லையா அக்கா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினேன். பிறகுதான் தெரிந்தது, அவர் இலவச சட்ட உதவிக்கு வழக்கு நடத்தும் வக்கீல்.

"ஊனச் சான்றிதழ் வாங்கிட்டா அவரோட வருமானத்தையே பார்க்க மாட்டாங்க. வக்கீல் இலவசம்" என்றார்.

"கோர்ட் கட்டணம்?"

"வறியவர்னு தனியா மனு போடணும். கோர்ட் ஒத்துக்கிட்டா இப்ப கட்ட வேணாம். வீட்டுக்கு வந்து விசாரிப்பாங்க."

வீட்டில் அந்த வார்த்தையைச் சொன்னதும் என் கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. "தெருவுல என்னைக் கப்பல்காரர்னு கூப்பிடறாங்க. வறியவன்னு நானே எழுதிக் குடுக்கணுமா?"

என் மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்: "கடையில கடன் சொல்லிட்டு வர்றேனே, அப்ப மட்டும் நாம யாருடா? போடு கையெழுத்து."

ஆவணியில் விசாரிக்க வந்தார்கள். அலமாரியில் இருந்த வெளிநாட்டு சென்ட் பாட்டில்களை அந்த அதிகாரி ஒரு மாதிரி பார்த்தார். "காலி பாட்டில் சார்" என்றார் என் மாமியார். அழகுக்கு வைத்திருந்தோம்.

இனிக் கப்பல் வர வேண்டும். அவர் கடலில் இருந்த காலத்தில் கப்பல்கள் போகும் இடத்தை வரைபடத்தில் காட்டும் செயலியைப் போனில் வைத்து, இரவு படுக்குமுன் அந்தக் குட்டி அம்புக்குறியைப் பார்த்துவிட்டுத் தூங்குவேன். இப்போதும் அதே அம்புக்குறியைப் பார்த்தேன். வருமா, வேறு நாட்டுக்குத் திரும்பிவிடுமா என்று நூலக வேலை நடுவிலும் பஸ்ஸிலும் எடுத்து எடுத்துப் பார்த்தேன். நவராத்திரி தொடங்கியபோது அது வங்காள விரிகுடாவுக்குள் வந்தது. வடசென்னைப் பக்கத் துறைமுகத்துக்குத்தான் வருகிறது என்று அந்தக் கப்பலிலேயே வேலை செய்த பாபு சேதி அனுப்பினார். பாபு ராயபுரத்துக்காரர், என் கணவரை அண்ணன் என்பார். நிலக்கரி இறக்க ஒரு வாரம் ஆகும் என்றார். கோர்ட்டுக்குத் தசரா விடுமுறை. விடுமுறை நீதிபதி அடுத்த வாரம் உட்காரும்போது மனுவைக் கொடுக்கலாம் என்று நசீமா திட்டமிட்டார். படித்துப் பார்த்துத் திருத்தச் சொல்லி மனுவையும் எங்களிடம் கொடுத்திருந்தார்.

புதன்கிழமை சரஸ்வதி பூஜை. என் மாமியார் வழக்கம்போலப் புத்தகங்களை அடுக்கிப் பட்டுத்துணி விரித்தார். என் கணவரின் ஸ்பானர்களுக்குச் சந்தனம் வைத்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? மனு, ஊனச் சான்றிதழ், அவருடைய கப்பல் பணிப் புத்தகம் எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு அம்மன் படத்தின் அடியில் வைத்தேன். அவள் காலடியில் இருக்கட்டும் என்றுதான். வைத்ததை மறுநாள் விஜயதசமி பூஜை முடியாமல் எடுக்கக் கூடாது. படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

மதியம் பாயசம் ஆறுவதற்குள் போன் அடித்தது. பாபு.

"அண்ணி, மேட்டர் மாறிடுச்சு. மெஷின் ஸ்பீடா எறக்கிக்கினு கீது. வெள்ளிக்கெழம காலைல கப்பல் கெளம்புது. கேப்டன் சொல்லிட்டாரு."

நசீமாவைக் கூப்பிட்டேன். மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "பதிவாளர்கிட்ட சொல்லி அவசர வழக்கா நாளைக்குக் காலையிலயே கேக்க முடியுமான்னு பார்க்கறேன்" என்று வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிடும்வரை நான் கூடத்தில் நடந்துகொண்டே இருந்தேன். "ஜட்ஜ் வீட்லேர்ந்தே காணொலியில கேக்கறேன்னு ஒத்துக்கிட்டார் அக்கா. ஆனா இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள எல்லாம் கையெழுத்தாகி, நோட்டரி முத்திரையோட போய்ச் சேரணும். ஒரிஜினல் எல்லாம் எடுத்துட்டு வாங்க. அடிபட்டதைப் பார்த்தவர் ஒருத்தரோட பிரமாணப் பத்திரமும் வேணும். இல்லன்னா சொந்த விருப்பத்துல இறங்கினார்ங்கற தாள் நம்மள அடிச்சிடும்."

ஒரிஜினல் பூஜையில் இருந்தது.

நான் பூஜை அறை வாசலில் நின்றேன். கை நீளவில்லை. அத்தனை புத்தகம் படித்தவள், வருடம் முழுக்கப் புத்தகத்தோடு வாழ்கிறவள், அந்த உறையைத் தொடப் பயந்தேன். இதற்காகவே ஏதாவது தப்பாகிவிட்டால்? நானே காலடியில் வைத்துவிட்டு நானே உருவினால்? அம்மா, நீயே சொல் என்று நின்றேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

என் மாமியார் பின்னால் வந்தார். "என்ன, நின்னுட்டே?"

"அத்தை, நாளைக்குத்தானே எடுக்கணும்…"

அவர் என்னை விலக்கிவிட்டு உள்ளே போனார். கிண்ணத்தில் மிச்சமிருந்த சுண்டலை வைத்து நைவேத்தியம் காட்டினார். கற்பூரம் ஏற்றினார். விஜயதசமி காலையில் செய்வதுபோலவே அடுக்கை வடக்குப் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார். உறையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என் கையில் கொடுத்தார். "பூஜை முடிஞ்சுது. அவ கிட்ட நான் பேசிக்கறேன். நீ செருப்பைப் போடு. நானும் வர்றேன்."

சைதாப்பேட்டையில் நசீமாவின் வீட்டுக்கு மூவரும் போனோம். ஊரே பூஜையில் இருந்தது. ஜெராக்ஸ் கடைகளில் மெஷினுக்கு மாலை போட்டு ஷட்டரை இறக்கிவிட்டிருந்தார்கள். ரோட்டில் உடைத்த பூசணிக்காயைச் சுற்றிச் சுற்றி ஆட்டோ போனது. "என் பிரிண்டருக்குப் பூஜை கிடையாதுக்கா. அதுக்குத் தினமும் ரெண்டு தட்டு தட்டினாத்தான் ஓடும்" என்றார் நசீமா. அது ஓடியது. ஆனால் நோட்டரி கிடைக்கவில்லை. கூப்பிட்டவர்கள் எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: முத்திரை பூஜையில் இருக்கிறது, நாளைக்கு வாருங்கள்.

கடைசியில், கோர்ட் பக்கத்துத் தெருவில் குடியிருந்த வயதான நோட்டரி ஒருவரின் வீட்டுக்கே போய் நின்றோம். வேட்டி கட்டி விபூதி பூசியிருந்தார். கூடத்தில் பலகைமேல் சட்டப் புத்தகங்கள். அதன்மேல் குங்குமப் பொட்டோடு முத்திரை. சுற்றிலும் பொரி கடலை.

"இத்தனை வருஷத்துல இன்னிக்கு இதை நான் தொட்டதில்லம்மா. காலைல ஆறு மணிக்கு வாங்க, முதல் முத்திரை உங்களுக்குத்தான்."

"காலைல ஜட்ஜ் கேக்கறார் சார். இன்னிக்கே அனுப்பணும்" என்றார் நசீமா.

"நான் என்னம்மா பண்றது?"

என் மாமியார் முன்னால் வந்தார். "ஐயா, எங்க வீட்டுல மத்தியானமே நகர்த்திட்டேன். அவ கோவிச்சுக்கல. கோவிச்சுக்கிட்டாலும் என்மேலதான். என் புள்ள கையைப் பாருங்க."

அவர் பார்த்தார். என் கணவர் கையை மறைத்துக்கொள்ளவில்லை. ஆனியிலிருந்து அன்றுதான் முதல்முறை. நோட்டரி உள்ளே போய்க் கற்பூரத் தட்டோடு வந்தார்.

அடிபட்டதைப் பார்த்த சாட்சியாகக் கையெழுத்திட வேண்டிய பாபு இன்னும் வரவில்லை. கரைக்கு இறங்க அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றவர். அவருடைய வாக்குமூலத்தைப் போனில் கேட்டு நசீமா அடித்துவைத்திருந்தார். போன் அடித்தால் எடுக்கவில்லை. பயந்துவிட்டாரோ? பயந்தால் தப்பா? அவருக்கும் குடும்பம் இருக்கிறது. வாசலில் நின்று "அம்மா, அம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு மந்திரம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. தெருவிளக்குகள் எரியத் தொடங்கியபோது ஓர் ஆட்டோ வந்து நின்றது.

"இன்னா அண்ணி, போலீஸ்காரம்மா மாரி வாசல்ல நிக்கிறே?" காதோரம் கரித்தூளோடு பாபு இறங்கினார். "போன்ல சார்ஜ் பூட்ச்சு. ரோட்டுல ஒவ்வொரு வண்டியும் மாப்ள மாரி மாலை போட்டுக்கினு நிக்குது. நவுந்தாத்தானே!"

நோட்டரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "தம்பி, படிச்சுப் பார்த்தியா? இதுல கையெழுத்துப் போட்டா உன் வேலை போகலாம். தெரியுமில்ல?"

பாபுவின் சிரிப்பு நின்றது. "தெரியும் சார். டெய்லி காலைல அந்தப் பலகைல நம்பர் மாத்துறது நான்தான். அண்ணன் கை தொங்கிக்கினு கெடந்த அன்னிக்கும் ஒரு நம்பர் ஏத்துனேன். அன்னிலேர்ந்து சோறு எறங்கல சார். குடுங்க பேனாவ."

என் கணவர் இடது கையால் கையெழுத்திட்டார். பாபுவும் இட்டார். முத்திரை விழுந்தபோது ஊதா மையோடு குங்குமமும் சேர்ந்து பதிந்தது. "அப்படியே இருக்கட்டும்" என்றார் நோட்டரி. ஃபீஸ் வாங்கவில்லை. பொரி பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

விஜயதசமி காலை, நசீமாவின் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்தோம். நீதிபதி காகிதங்களைப் படித்தார். பிறகு கேட்டார்: "அடிபட்டதும் ஏன் சொல்லவில்லை?" நசீமா பலகையைப் பற்றிச் சொன்னார், பாபுவின் வாக்குமூலத்தைக் காட்டினார். கோர்ட் கட்டணம் பற்றி நீதிபதி கேட்டார். வறியவர் மனு நிலுவையில் இருக்கிறது, அனுமதி வருவதற்குள் கப்பல் போய்விடும் என்றார் நசீமா. நீதிபதி என் கணவரை நேரே பேசச் சொன்னார். அவர் இடது கையால் டம்ளரை எடுத்தார். தண்ணீர் குடித்தார். அப்புறம் சங்கிலி நழுவியதிலிருந்து ஆரம்பித்தார். காபி கொடுத்த ஏஜென்ட் வரை சொன்னார். நடுவில் ஒருமுறைகூட அந்த நீதிபதி தடுக்கவில்லை. நான் மேசைக்கு அடியில் கைகூப்பினேன். ஆடி வெள்ளியில் நான் கேட்டது அதுதான்.

கப்பலை நிறுத்திவைக்க ஆணையிட்டார். அத்தோடு பயம் விடவில்லை. ஆணை துறைமுகத்துக்குப் போய்ச் சேர வேண்டும், விடுமுறை நாள், யாராவது மின்னஞ்சலைத் திறக்க வேண்டுமே! நீதிமன்ற ஊழியர் ஒருவர் நேரில் போய்க் கப்பலில் ஒட்டிவிட்டார் என்று மாலையில் சேதி வந்தது. நான் நம்பவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் போனைத் திறந்தேன். அம்புக்குறி அதே இடத்தில் நின்றது. பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தேன். நின்றது. கோயிலுக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தேன். அசையவில்லை.

ஐப்பசியில் கப்பலின் காப்பீட்டுக்காரர்கள் கோர்ட்டில் உத்தரவாதம் கொடுத்துக் கப்பலை எடுத்துக்கொண்டார்கள். ஏஜென்ட் அலுவலகத்திலிருந்து "கணேசன் சார்" என்று போன் வந்தது. பங்குனியில் சமரசமாக வழக்கு முடிந்தது. கோர்ட் கட்டணத்தை வந்த தொகையிலிருந்து கட்டினோம். மளிகைக் கடைக்காரரின் பாக்கியை என் மாமியார் தானே போய்த் தீர்த்துவிட்டு வந்தார்.

எல்லாம் நலமாகிவிட்டது என்று எழுத மாட்டேன். அவர் கை பாதிதான் உயர்கிறது. மழைநாளில் வலி தூங்கவிடாது. பாபுவை ஏஜென்ட் மறுபடி கூப்பிடவில்லை. சித்திரை வரை அவர் வீட்டிலிருந்தார். அந்த மாதங்களில் என் பிரார்த்தனையெல்லாம் அவருக்காகத்தான். இப்போது வேறு கம்பெனியில் ஏறியிருக்கிறார். என் கணவர் வீட்டு வாசலிலேயே பம்பு, மோட்டார் பழுது பார்க்கிறார். எப்படி அடிபட்டது என்று யாராவது கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்.

சகோதரிகளே, கப்பலிலோ வேறெங்கோ அடிபட்டு, சொல்ல இடமில்லாமல் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், கற்பகாம்பாளிடம் சொல்லுங்கள். அவள் கேட்கிறாள். கேட்கிறவர்களிடம் கொண்டுபோயும் விடுகிறாள். எனக்கு அவள் காட்டிய வழி ஒரு வக்கீலின் வீட்டு வாசல் வரை போனது, அதனால் சொல்கிறேன். வறியவர் என்ற சொல்லுக்குக் கீழே கையெழுத்திட உங்களுக்குக் கூச்சமாக இருந்தால், வெள்ளிக்கிழமை மாலையில் அம்பாள் சந்நிதிக்கு வாருங்கள், நான் இருப்பேன். இரண்டு பேருமாக உள்ளே போய்க் கும்பிடுவோம். திங்கட்கிழமை காலை பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு உங்களோடு சைதாப்பேட்டைக்கு வருகிறேன்.